வானில் கால் வைக்க இடம் இல்லை: பாணமையில் கூடாரம் போடப் போகும் தம்பிக்கு

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இலங்கையின் கிழக்குக் கரையில், களுவாஞ்சிகுடியிலிருந்து ஐந்து பேர், ஒரு பழைய டொல்பின் வானில் (ரொயோட்டா ஹையேஸ் வேன்), ஆவணி மாதத்தில் பொத்துவிலுக்குத் தெற்கே இருக்கும் பாணமைக்குப் போகிறார்கள். அங்கே தெரிந்தவர் ஒருவரின் தோட்டக் காணியில் இரண்டு இரவு கூடாரம் போட்டுத் தங்குவது, நடுநாளில் உகந்தை முருகனைக் கும்பிட்டு வருவது, இதுதான் திட்டம். போன மாசியில் இதே ஆட்கள் வாகரைக்குப் போயிருக்கிறார்கள். வான் நிறையச் சாமான், கால் வைக்க இடம் இல்லை. போய்ச் சேர இருட்டிவிட்டது. கூடாரம் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. அதை எடுக்க எல்லாவற்றையும் மணலில் இறக்கிக்கொண்டிருக்கும்போது மழையும் பிடித்துக்கொண்டது. "எதை எடுப்பது, எதை விடுவது, எப்படி அடுக்குவது?" என்று தம்பி கேட்கிறார்.

தம்பி, நான் தம்பிலுவில்காரன். இருபது வருடத்துக்கு மேலாகக் குடும்பத்தோடும் கூட்டாளிகளோடும் இந்தப் பாதையில் வான் ஓட்டுகிறேன். உங்கள் வாகரைக் கதை எனக்கும் நடந்தது, ஒரு தடவை இல்லை, பல தடவை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒவ்வொரு வருடமும் கதிர்காமக் கொடியேற்றக் காலத்தில் எங்கள் ஊரைத் தாண்டிப் பாதயாத்திரைக்காரர்கள் போவார்கள். திருக்கோவில், பொத்துவில், பாணமை, உகந்தை, அங்கிருந்து காட்டுக்குள் இறங்கிக் கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை என்று பல நாள் நடை. என் பெரியம்மா மூன்று முறை நடந்தவர். அவருடைய மூட்டையை நான் ஒருமுறை தூக்கிப் பார்த்தேன். அரிசி, பருப்பு, செத்தல் மிளகாய், உப்பு, சீனி, தேயிலை, ஒரு சின்னச் சட்டி, இரண்டு சேலை, தண்ணீர்ப் போத்தல், திருநீறு. அவ்வளவுதான். ஒரு சேலை உடுப்பதற்கு. மற்றது இரவில் போர்வை, பகலில் நிழல், ஆற்றில் குளித்தபின் துவாய், நடக்கும்போது மூட்டைத் துணி. அந்த மூட்டைக்குள் ஒரே ஒரு வேலை மட்டும் செய்யும் பொருள் மிகக் குறைவு.

நீங்கள் போகப்போவதும் அதே பாதையின் ஒரு பகுதிதான். நடப்பவருக்குத் தலையும் கழுத்தும் கணக்குச் சொல்லிவிடும். வானில் போகிறவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை. "வான்தானே, இதையும் போடு" என்ற ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்குகிறது. ஆகவே நான் சாமான் பட்டியலில் தொடங்குவதில்லை. வெறும் வானில் தொடங்கி, முதலில் தண்ணீரை ஏற்றுகிறேன். மிச்ச இடம்தான் மற்றதற்கெல்லாம்.

தண்ணீர் ஒரு லீற்றர் ஒரு கிலோ. ஆவணி வெயிலில் ஒரு ஆளுக்குக் குடிக்க மூன்று லீற்றரும் சமைக்க ஒரு லீற்றரும் நாளொன்றுக்கு வையுங்கள். ஐந்து பேர், இரண்டு நாள், நாற்பது லீற்றர். வான் பழுதாகி ஒரு இரவு கூடத் தங்க வேண்டி வந்தால் என்று இன்னும் பத்து. மொத்தம் ஐம்பது கிலோ, ஆறாவது ஆள் ஒருவர் ஏறியது போல. உங்கள் சாமான்களில் ஆகப் பாரமானது இதுதான், இதைக் குறைக்கவும் முடியாது. எனவே இது எங்கே இருக்கிறது என்பதுதான் வான் எப்படி ஓடும் என்பதைத் தீர்மானிக்கும்.

பெரிய பத்தொன்பது லீற்றர் கான்களை வாங்காதீர்கள். ஐந்து லீற்றர்ப் போத்தல் பத்து வாங்குங்கள். பெரிய கான் ஒன்று கவிழ்ந்தால் அல்லது வெடித்தால் மூன்றிலொரு பங்குக்கும் மேல் தண்ணீர் போய்விடும். சின்னப் போத்தலில் ஒன்று போனால் ஒன்றுதான். வான் தரையில், முன் இருக்கைகளுக்குப் பின்னால், இரண்டு வரிசையாக நிறுத்தலாம். சின்னப் பிள்ளையும் தூக்கும். முடிய முடிய இடம் விரிந்துகொண்டே வரும்.

எல்லோரும் செய்யும் பிழை, பாரத்தைப் பின் கதவடியில் ஏற்றுவது. கதவைத் திறந்தால் கைக்குக் கிட்ட இருக்கிற இடம் அதுதான், அதனால் ஏற்றிவிடுகிறோம். ஆனால் அந்த இடம் பின் சக்கரத்துக்கும் பின்னால் தொங்கிக்கொண்டு இருக்கிறது. துலாவின் பின் நுனியில் கல் கட்டினால் முன் நுனி மேலே எழும்புமே, அதே கணக்கு. பின்னால் பாரம் கூடக் கூட முன் சக்கரம் நிலத்தை அழுத்துவது குறையும், ஸ்டியரிங் லேசாகும், பிரேக் பிடிக்கும்போது வான் அலையும். தண்ணீர், அரிசி, காஸ், வான் திருத்தும் ஆயுதப் பெட்டி எல்லாம் இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில், தரையோடு தரையாக இருக்க வேண்டும். பின் கதவடிக்குக் கூடாரமும் பாயும் துணியும் போதும். கூரையில் ராக்கை இருந்தால் பாயை மட்டும் கட்டுங்கள். உயரத்தில் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வளைவில் வானைச் சாய்க்கும். புறப்படும் காலையில், பாரம் ஏற்றிய பிறகு டயருக்குக் காற்றுப் பாருங்கள். முழுப் பாரத்துக்கு எவ்வளவு என்று பெரும்பாலான வாகனங்களில் சாரதிக் கதவுக்குப் பக்கத்துத் தூணில் எழுதி ஒட்டியிருக்கும்.

சரி, பாரம் எங்கே என்பது முடிந்தது. இனி வரிசை. உங்களை வாகரையில் வதைத்தது சாமான் கூடியது மட்டும் இல்லை, கூடாரம் அடியில் போனதும்தான். வீட்டில் நாம் எதை முதலில் ஏற்றுகிறோம்? பெரியதை, அதாவது கூடாரத்தை. ஆனால் போய் இறங்கியதும் முதலில் வேண்டியதும் அதுதான். முதலில் வேண்டியது கடைசியில் ஏற வேண்டும். ஆவணியில் ஆறரைக்குள் இந்தப் பக்கம் சூரியன் போய்விடும், பிறகு கை தெரியாது. இறங்கியதும் உங்கள் கை எந்த வரிசையில் எதைத் தேடும் என்று வீட்டில் இருந்தே நினைத்துப் பாருங்கள்: டோர்ச், தறப்பாள், கூடாரம், பாய், நுளம்புத்திரி, தேத்தண்ணிச் சாமான். இந்த ஆறும் பின் கதவைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும். டோர்ச் மட்டும் அங்கேயும் வேண்டாம், சாரதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

தறப்பாளைக் கூடாரத்துக்கு முன்னால் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. மழை வந்தால் முதலில் தறப்பாளை வானின் பக்கவாட்டிலிருந்து இரண்டு தடியில் இழுத்துக் கட்டிவிடுங்கள், அதன் கீழ் நின்று மற்றதை நனையாமல் இறக்கலாம். மழை இல்லாவிட்டால் அதுதான் நிலத்தில் விரிப்பு, அடுத்த நாள் சமையலுக்கு நிழல். பன்னிரண்டுக்கு ஒன்பது அடித் தறப்பாள் ஒன்று போதும். இரண்டாவது கூடாரம் வாங்கும் காசில் நல்ல தறப்பாள் ஒன்று வாங்குங்கள் என்று நான் எல்லோருக்கும் சொல்லுவேன்.

கூடாரம் பற்றி ஒரு சங்கதி. ஆவணியில் கச்சான் காற்று இருக்கும், மேற்கே இருந்து வரும் வரண்ட காற்று, விட்டு விட்டு அறையும். கூடாரத்தோடு தரும் மெல்லிய கம்பி முளைகள் மணலில் நிற்காது, இரவில் ஒவ்வொன்றாகக் கழன்று வரும். அதற்காக நீளமான இரும்பு முளைகளைச் சுமக்கத் தேவையில்லை. வெறும் உரப்பை ஆறு கொண்டுபோங்கள், மடித்தால் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். அங்கே அரைவாசிக்கு மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, ஒரு முழம் ஆழத்தில் புதையுங்கள். கரைவலைக்காரர் இழுத்தாலும் அசையாது. வானை மேற்குப் பக்கமாக நிறுத்தினால் காற்றின் பாதியை அது தாங்கும். கூடார வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். திரும்பும்போது மணலைக் கொட்டிவிட்டு அதே உரப்பையில் ஈரத்துணியையும் குப்பையையும் போடலாம்.

படுக்கைக்குக் காற்றடிக்கும் மெத்தை வேண்டாம். பம்ப் வேண்டும், ஒட்டுப் போட வேண்டும், ஒரு முள் குத்தினால் இரவு முழுவதும் நிலம்தான். பன்பாய் கொண்டுபோங்கள். சுருட்டி வானின் பக்கச் சுவரோடு நிறுத்தினால் அது இடமே பிடிக்காது, வியர்வை ஒட்டாது, காலையில் உதறினால் மணல் போய்விடும். தலையணை எடுக்கவே எடுக்காதீர்கள். ஐந்து தலையணை ஒரு கூடாரத்தின் இடத்தை விழுங்கும். உடுப்புப் பையைத் துவாயால் சுற்றினால் தலையணை. கம்பளியும் வேண்டாம், அந்த மாதத்தில் கரையோர இரவுக்கு ஒரு சாரம் போர்த்தினால் போதும்.

சாரத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. மருதமுனை நெசவுச் சாரம் ஆளுக்கு இரண்டு இருந்தால் உங்கள் உடுப்புப் பை பாதியாகிவிடும். உடுப்பது, போர்ப்பது, கிணற்றடியில் குளித்துவிட்டு மாற்றுவது, ஈரம் துடைப்பது, சட்டியைச் சூட்டோடு இறக்குவது, கை பிசகினால் தோளில் தொட்டில் கட்டுவது, எல்லாவற்றுக்கும் அது உதவும். பருத்தி என்பதால் கச்சான் காற்றில் அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். தடித்த துவாய் அப்படிக் காயாது, இரண்டாம் நாள் வான் முழுக்க மணக்கும். பெண்கள் வந்தால் சீத்தைத் துணி அதே வேலையைச் செய்யும். இவற்றோடு பயணத்துக்கு ஒரு உடுப்பு, காணியில் நிற்க ஒன்று, கோவிலுக்குத் துப்புரவான ஒன்று. கோவில் உடுப்பை மட்டும் தனிப் பொலித்தீனில் சுற்றி, யாரும் தொடாத இடத்தில் வையுங்கள். புகையும் மீன் மணமும் ஏறிய உடுப்போடு முருகனுக்கு முன்னால் நிற்க யாருக்கும் மனம் வராது.

இனிச் சாப்பாடு. வானை நிரப்புவதில் பாதிக்குமேல் சமையல் சாமான்தான். ஐந்து பேர் போகிறோம் என்றால் வீட்டுக்கு வீடு ஒரு சட்டி, ஒரு தாச்சி, ஒரு கத்தி வந்துவிடும். நான் முதலில் ஒரு கடதாசியில் எந்த நேரம் என்ன சாப்பாடு என்று எழுதுவேன். அதைப் பார்த்துத்தான் பாத்திரம். உங்கள் பயணத்துக்கு எழுதிக் காட்டுகிறேன். முதல் நாள் மதியமும் இரவும் வீட்டிலிருந்து வரும் சோறுதான். மதியத்துக்கு வாழையிலையில் கட்டிய பார்சல். இரவுக்கு, கெட்டுப்போகாமல் இருக்கத் தேங்காய்ப்பால் சேர்க்காத கறியோடு புளிச்சோறு. அன்றிரவு அடுப்பு தேத்தண்ணிக்கு மட்டும் எரியும். இருட்டில் சமைக்காமல் விட்டாலே முதல் இரவின் களைப்பில் பாதி போய்விடும். இரண்டாம் நாள் காலை பொத்துவிலில் வாங்கிய பாணும் வீட்டில் இடித்த சம்பலும். மதியம் உகந்தையில், கையோடு கொண்டுபோகும் சாப்பாடு. கோவிலுக்குப் போகும் நாளில் மச்சம் சமைப்பதில்லை என்பது எங்கள் பக்க வழக்கம், அதனால் மீன், ஐஸ், மீன் சட்டி, மீன் கத்தி எதுவும் அன்றைக்குத் தேவையில்லை. இரவு சோறும் பருப்பும் ஒரே சட்டியில். மூன்றாம் நாள் காலை மிச்சப் பாண் அல்லது அவித்த மரவள்ளி. மதியம் திரும்பும் வழியில் கடையில்.

இப்போது கணக்குப் போடுங்கள். அடுப்பில் ஏறும் சமையல் இரண்டே இரண்டு. ஒரு பெரிய சட்டி, ஒரு கேத்தல், ஒரு அகப்பை, ஒரு கத்தி, ஆளுக்கு ஒரு தட்டும் குவளையும். முடிந்தது. திருவலை வேண்டாம், தேங்காய்ப்பால் மா ஒரு பைக்கற் போதும். அம்மி இடியப்ப உரல் என்று ஒன்றும் வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, சீரகம் எல்லாவற்றையும் வீட்டிலேயே அந்தப் பருப்புக்கு வேண்டிய அளவில் கலந்து ஒரு சின்னப் போத்தலில் போடுங்கள். நாலு போத்தல் ஒன்றாகிவிடும். அரிசியையும் அளந்தே கொண்டுபோங்கள். எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கு ஒரு சுண்டு (அரிசி அளக்கும் சின்னப் பேணி), அந்தக் கணக்கில் மூன்று சுண்டு ஒரு பொட்டலம், அதே பொட்டலத்துக்குள் பருப்பு. பச்சையரிசியாக இருக்கட்டும். சிவப்பரிசி நல்லதுதான், ஆனால் வேக நேரமும் காஸும் கூடக் கேட்கும். மைசூர்ப் பருப்பு ஊறப்போடாமலே கால் மணித்தியாலத்தில் வெந்துவிடும், பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். கொதித்து முக்கால் பதம் வந்ததும் இறக்கி, மூடி, சாரத்தால் சுற்றி இருபது நிமிடம் வைத்தால் மிச்சம் தானே வேகும்.

காஸுக்கு வீட்டுப் பன்னிரண்டரைக் கிலோ சிலிண்டரைக் கழற்றிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குத் தேவை, கையில் தூக்கும் சின்ன அடுப்பும் அதற்குள் போடும் 220 கிராம் காஸ் டின் மூன்றும்தான். முழுத் தீயில் ஒரு டின் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல் எரியும், நான் சொன்ன சமையலுக்கு அது தாராளம். ஆனால் கவனம். அந்த டின்களை 50 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக விடக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும். கண்ணாடி மூடி வெயிலில் நிற்கும் வானுக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். நீங்கள் உகந்தையில் வானை நிறுத்திவிட்டுப் போகும்போது டின்கள் காணியிலேயே மர நிழலில், ஈரச் சாக்கின் கீழ் இருக்கட்டும். கூடாரத்துக்குள்ளோ கதவு மூடிய வானுக்குள்ளோ அடுப்பு மூட்டவே கூடாது. மணமே இல்லாத நச்சுக் காற்று சேரும், தூங்கினவர் எழும்பமாட்டார். விறகு மூட்டுவதும் அந்த மாதத்தில் வேண்டாம். புல்லெல்லாம் காய்ந்து கிடக்கும், கச்சான் ஒரு பொறியைத் தூக்கிக்கொண்டு போனால் காணிக்காரருக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்?

பாதையையே உங்கள் களஞ்சியமாக நினையுங்கள். களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று பொத்துவில் வரை கடை இல்லாத இடம் கொஞ்சம்தான். அப்படியிருக்க மரக்கறியையும் பாணையும் பழத்தையும் தயிரையும் ஏன் வீட்டிலிருந்து ஏற்ற வேண்டும்? என்னிடம் மூன்று சின்னப் பட்டியல் இருக்கும்: வீட்டில் எடுப்பது, அக்கரைப்பற்றில் வாங்குவது, பொத்துவிலில் வாங்குவது. கெடக்கூடியதும் பெரிய இடம் பிடிப்பதும் கடைசிப் பட்டியலுக்குப் போகும். தயிர்ச் சட்டி ஒன்று பொத்துவிலில் வாங்கினால் போதும், அன்றிரவே முடித்துவிடுங்கள். பாணமையைத் தாண்டினால் மட்டும் கடையை நம்பாதீர்கள், உகந்தைக்குப் புறப்படும் காலையில் தண்ணீரும் சாப்பாடும் கையில் இருக்க வேண்டும்.

குளிர்ப்பெட்டி வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று, சின்னது. அதற்குள் ஐஸ் கட்டி போடாதீர்கள், உருகி எல்லாம் மிதக்கும். உங்கள் குடிதண்ணீரில் சில போத்தல்களை இரண்டு நாள் முன்பே வீட்டுப் பிரிட்ஜில் உறைய வையுங்கள். முழுவதும் நிரப்பாமல் மேலே நாலு விரல் விடுங்கள், உறையும்போது தண்ணீர் பெருக்கும். முதல் நாள் அவை ஐஸ், இரண்டாம் நாள் குளிர்ந்த குடிதண்ணீர். தனியாக ஐஸுக்கென்று ஒரு கிலோகூட ஏற்றவில்லை பாருங்கள்.

எல்லாவற்றையும் போட என்ன பெட்டி? கடையில் விலை கூடிய பெட்டிகள் இருக்கின்றன. நான் பாவிப்பது இருபது லீற்றர்ப் பெயின்ற் வாளி, மூடியோடு, மூன்று. பெயின்ற் வேலை செய்பவர்களிடம் கேட்டால் வெறும் வாளி தருவார்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் சமையல் பாத்திரம், ஒன்றில் பொலித்தீனில் சுற்றிய உலர் சாப்பாடு, ஒன்றில் கயிறு, டோர்ச் பற்றரி, கத்தி, மருந்து. அங்கே போனதும் மூடியை மூடிக் கவிழ்க்காமல் அதன் மேலேயே உட்காரலாம், ஆக மூன்று கதிரை மிச்சம். பாத்திர வாளி வெறுமையானால் கிணற்றில் கழுவும் தண்ணீர் அள்ள அது. குடிக்கும் தண்ணீரை மட்டும் அதில் ஊற்றாதீர்கள். வீடு திரும்பும்போது மூடி இறுக்கிய குப்பை வாளி. கடதாசிப் பெட்டியை ஏற்றவே வேண்டாம், ஈர மணலில் ஒரு இரவு வைத்தால் அடி கழன்றுவிடும். வாளிகளுக்கும் போத்தல்களுக்கும் இடையில் வரும் சந்துகளில் உடுப்புப் பைகளைச் செருகுங்கள். பாணமை தாண்டி உகந்தை வரை குலுக்கும் பாதை, இடைவெளி விட்டு அடுக்கியது எல்லாம் உருளும்.

வாளி மூடி இறுக்கமாக இருக்க வேண்டியதற்கு இன்னொரு பெரிய காரணம் யானை. அறுகம்பேயிலிருந்து பாணமைக்குப் போகும் பாதையில் பின்னேரங்களில் யானை நிற்பதை நீங்களே காணலாம். அதன் மூக்கு நம்முடையதைப் போல இல்லை. உப்பு, நெல், அரிசி, வாழைப்பழம், பலாப்பழம் எதுவானாலும் தூரத்திலிருந்தே பிடித்துவிடும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பைக்கற்கூட வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். பழங்களைப் பொழுதுபடும் முன்னே முடித்துவிடுங்கள், தோலையும் இறுக்கி மூடுங்கள். சாப்பிட்டதும் பாத்திரம் கழுவ வேண்டும், காலையில் பார்ப்போம் என்று விடக்கூடாது. களப்போரமோ குளத்தோரமோ போய்க் கழுவாதீர்கள், முதலை இருக்கும். கிணற்றிலிருந்து வாளியில் தண்ணீரை எடுத்து வந்து மேட்டில் கழுவுங்கள். காணிக்காரரிடம் யானை எந்தப் பக்கத்தால் வரும் போகும் என்று கேட்டு, அந்த வழியில் வானையும் கூடாரத்தையும் போடாதீர்கள். அவர் காட்டும் இடம் கடல் தெரியாத இடமாக இருந்தாலும் அதையே எடுங்கள்.

பாரத்தைக் குறைக்கிறோம் என்று சிலதைக் குறைக்கவே கூடாது. மேலதிகச் சக்கரத்துக்கு (ஸ்பேர் வீல்) காற்று இருக்கிறதா, சாமானெல்லாம் ஏற்றிய பிறகும் அதையும் வானைத் தூக்கும் ஜக்கையும் எடுக்க முடியுமா என்று புறப்படும் முன் ஒருதடவை உண்மையாகவே எடுத்துப் பாருங்கள். ஜக்குக்குக் கீழே வைக்க ஒரு முழப் பலகைத் துண்டு வேண்டும், இல்லாவிட்டால் மணலில் வான் எழும்பாது, ஜக்தான் இறங்கும். கையால் அடிக்கும் காற்றுப் பம்ப் ஒன்று, பத்து மீற்றர்க் கயிறு. டொல்பின் வானைக் கடற்கரை மணலில் இறக்கவே வேண்டாம். அப்படியும் புதைந்துவிட்டால் அக்சிலரேற்றரை அமுக்கி மேலும் தோண்டாமல், டயரில் காற்றைப் பதினெட்டு பீ.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன் உரப்பையை விரித்து மெதுவாக வெளியே வாருங்கள். தார்ப் பாதைக்கு ஏறும் முன் காற்றைத் திருப்பி அடியுங்கள்.

மருந்துக்கு ஒரு சின்னப் பெட்டி: பனடோல், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் ஜீவனி நாலு பைக்கற், காயத்துக்குத் துணியும் மருந்தும், அவரவர் தினமும் குடிக்கும் குளிசை இன்னும் இரண்டு நாளுக்குச் சேர்த்து. பாம்பு கடித்தால் வெட்டுவதோ உறிஞ்சுவதோ கட்டுப்போட்டு இறுக்குவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் நேரே பொத்துவில் ஆதார வைத்தியசாலைக்கு. அம்புலன்ஸுக்கு 1990. இந்தப் பெட்டி பத்துப் பயணத்தில் திறக்கப்படாமலே வரும். வரட்டும்.

விட்டுவிட்டுப் போக வேண்டியதில் பெரியதைச் சொல்கிறேன். பிளாஸ்ரிக் கதிரைகள். வயதானவர் யாரும் வந்தால் அவருக்கு மட்டும் ஒன்று. பெரிய ஸ்பீக்கர் பெட்டி. இதை இடத்துக்காக மட்டும் சொல்லவில்லை. உகந்தையோடு குமண தேசியப் பூங்கா தொடங்குகிறது. அந்த இரவின் சத்தம், ஆள்காட்டிக் குருவி கத்துவது, தூரத்துக் கடல், அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்று நான் நம்புகிறேன். பாட்டை வானுக்குள் போடுங்கள், காணியில் வேண்டாம். பிறகு, இரண்டாவது அடுப்பு, ஆளுக்கு ஒரு ஷாம்பு, பெரிய மேசை, மேலதிகமாக ஐந்து செருப்புச் சோடி. ஒரு சவர்க்காரம் ஐந்து பேருக்கும் போதும்.

இவ்வளவையும் நான் முதல் பயணத்திலேயே கற்கவில்லை. ஒரு கொப்பி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் வீட்டுக்கு வந்து சாமான் இறக்கும்போதே, குளிப்பதற்கு முன், கை படாமல் திரும்பி வந்ததை அதில் எழுதுவேன். இரண்டு முறை தொடர்ந்து எழுதப்பட்ட பொருள் மூன்றாம் முறை வானில் ஏறாது. மருந்து, ஜக், பம்ப், கயிறு, மேலதிகத் தண்ணீர் இவற்றுக்கு மட்டும் அந்தச் சட்டம் இல்லை. எதைத் தேடி இல்லாமல் அவதிப்பட்டோம் என்பதையும் எதிர்ப்பக்கத்தில் எழுதுங்கள். நான் சொன்ன பட்டியலைவிட உங்கள் கொப்பிதான் உங்களுக்குச் சரியாக இருக்கும், ஏனென்றால் உங்கள் ஐந்து பேரையும் எனக்குத் தெரியாது.

புறப்படும் முதல் நாள் பின்னேரம் முழுவதையும் ஒருதடவை ஏற்றிப் பாருங்கள். ஐந்து பேரும் ஏறி உட்காருங்கள். கால் நீட்ட முடியாவிட்டால் அப்போதே இறக்கலாம், வீட்டு முற்றத்தில் இறக்குவது லேசு. கூடாரத்தையும் ஒருமுறை முற்றத்தில் போட்டுப் பாருங்கள். வாகரையில் மழையில் நனைந்ததை நன்றாகக் காயவைத்தீர்களா? இல்லையென்றால் பூஞ்சணம் பிடித்திருக்கும், தையல் ஓரங்களைப் பாருங்கள். வான் நிரம்பி வழியாமல் பின்பக்கம் ஒரு சாக்கு அளவுக்கு வெறும் இடம் விடுங்கள். திரும்பும்போது எதுவும் முன்போல மடியாது, ஈரமும் மணலும் ஏறி எல்லாம் ஒன்றரை மடங்காகிவிடும்.

கடைசியாக ஒன்று. இன்றைக்கே பாணமைக்காரருக்கு ஒரு கோல் எடுத்து, அவருடைய கிணற்றில் ஆவணியிலும் தண்ணீர் நிற்குமா, குடிக்கலாமா, உவர்க்குமா என்று கேளுங்கள். கோடையில் கரையோரக் கிணறுகள் சில உவர்த்துவிடும். நல்ல தண்ணீர்தான், கொதிக்கவைத்தால் குடிக்கலாம் என்று அவர் சொன்னால், சமையலுக்கும் தேத்தண்ணிக்கும் வைத்த பத்து லீற்றரை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். மிச்ச நாற்பதும் கட்டாயம் வேண்டும்.